யாரோடு பேச்சு இல்லை? சுங்கை சிப்புட்டில் ஒரு முனைவர் பட்ட ஆய்வும் ஒரு பிறப்புப் பத்திரமும்

சமூகப்பணியில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் என்ன சாதித்தார்கள் என்று கேட்டால் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். எத்தனை கட்டுரை, எந்த ஆய்விதழ், எந்த நாட்டு மாநாடு, குறித்த காலத்துக்குள் முடித்தாரா இல்லையா. அந்தப் பட்டியலில் ஏறாத ஒரு காரியத்தை நான் நாலு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை முழுசாக எழுதி வைக்கவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு, இப்போதுதான் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் சரி என்றார்கள்.

நான் சமூகப்பணி படித்தவன் இல்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன், சனிக்கிழமை பின்னறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கெபாஜிக்கான் (சமூகநல இலாகா) பணத்துக்கு மனுப்போட, லைசென்ஸ் எடுக்க, எதற்கென்றாலும் முதலில் என் கடைக்குத்தான் வரவேண்டும். அதனால் யார் வீட்டில் எந்தப் பத்திரம் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும். இல்லாதவர்கள் கடைக்குள் வரமாட்டார்கள், வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

குடும்பத்தின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரையும் எந்த அலுவலகம் என்பதையும் சொல்லவில்லை. ஆய்வு செய்த பெண்ணை நேரில் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கே ஆய்வாளர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஊரும் குடும்பமும்

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் இருக்கிற தோட்டப்பட்டணம் எங்களுடையது. 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் அதிலிருந்து தொடங்கியது, அந்த அவசரகாலத்துக்காகத்தான் அதே வருடம் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை எடுக்கவேண்டும் என்று ஆனது. நாடு முழுக்க இன்று ஒவ்வொருவர் பையிலும் இருக்கிற ஐசி, ஒரு வகையில் எங்கள் ஊரில் நடந்ததன் விளைவு. அதே ஊரில் ஒரு தாயும் மகளும் ஐசி இல்லாமல் இருந்தார்கள்.

பாட்டியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். பாட்டி 1949-ல் தமிழ்நாட்டில் பிறந்து, கைக்குழந்தையாக ரஜூலா கப்பலில் வந்தவர். அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு மனுப்போட்டுக் குடியுரிமை எடுத்திருக்கலாமே என்று இப்போது சொல்வது சுலபம். விடியற்காலை நாலரை மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் வரிசைக்கு, நிற்கிற ஒருவருக்கு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் போய், மொழி தெரியாத முகப்பில் நின்று பாரம் நிரப்புவது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

பாட்டிக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் 1977-ல் ஆஸ்பத்திரியில் பிறந்தார், அவருக்குப் பிறப்புப் பத்திரம் உண்டு. இளையவர் 1985 நவம்பரில், அடைமழை ராத்திரியில், லயத்து வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தார். அப்போதைய சட்டப்படி 14 நாளுக்குள் பதியவேண்டும், 42 நாள் தாண்டிவிட்டால் தாமதப் பதிவு என்று தனி வழி. (2017 திருத்தத்துக்குப் பிறகுதான் கெடு 60 நாள் ஆனது.) பதியப் போகவேண்டிய தாத்தா வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. பாட்டி சில மாதம் கழித்து ஒருமுறை போனார், இன்னொரு கடிதம் கொண்டுவா என்றார்கள், அத்தோடு விட்டுவிட்டார்.

அந்த இளைய பெண்தான் இந்த ஆய்வின் மையம். அம்மா என்று சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை உட்கார விட்டார்கள், அப்புறம் நின்றுவிட்டார். செம்பனைக் காட்டில் கான்ட்ராக்டரிடம் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. ஐசி இல்லை என்றால் இபிஎஃப் சேமநிதி இல்லை, சொக்சோ காப்புறுதி இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கூலியைக் கையில் கொடுப்பார்கள், கொடுப்பதுதான் கூலி. 2006-ல் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நீல ஐசி, அதாவது குடிமகன். ஆனால் பெண்ணுக்கு ஐசி இல்லாததால் கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. 1976-ஆம் வருடத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த பிறகு கோயிலில் கட்டிய தாலி மட்டும் போதாது, பதிவு வேண்டும். பதிவு இல்லாத தாம்பத்தியத்தில் பிறந்த பிள்ளைக்கு, அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை 17-ஆம் பிரிவுப்படி, அப்பாவின் குடியுரிமை வராது, அம்மாவின் நிலைதான் வரும். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. 2008-ல் மகள் பிறந்தபோது பிறப்புப் பத்திரம் கொடுத்தார்கள், அதில் குடியுரிமை என்ற இடத்தில் 'புக்கான் வார்காநெகாரா' என்று அச்சாகியிருந்தது, குடிமகள் அல்ல என்று அர்த்தம்.

இந்த முடிச்சைப் படிக்கிறவர்கள் ஒருமுறை நிதானமாகப் பார்க்கவேண்டும். அம்மாவுக்குப் பத்திரம் இல்லாததால் கல்யாணம் பதிவாகவில்லை, கல்யாணம் பதிவாகாததால் அப்பாவின் நீல ஐசி மகளுக்கு உதவவில்லை. ஒருவரும் குற்றம் செய்யவில்லை. 35 வருடத்துக்கு முந்தைய ஒரு மழை ராத்திரி மூன்றாம் தலைமுறை வரைக்கும் வந்து நின்றது.

கடைக்கு வந்த நாள்

2020 பிப்ரவரி. மகள் ஆறாம் ஆண்டு. 12 வயதானவர்களுக்கு மைகாட், அதாவது இப்போதைய ஐசி, எடுக்கப் பள்ளியிலிருந்து வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள். வகுப்பில் எல்லாரும் போனார்கள், இந்தப் பிள்ளை மட்டும் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் அட்டையைக் காட்டிக் காட்டி விளையாடியதில், அது பின்னறை மூலையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கணக்கும் போடாமல் இருந்தது. சாயங்காலம் அம்மா வந்தார். வழக்கம்போல வாசலில் நின்றார்.

“அண்ணே, பிள்ளைக்கு ஏதாவது வழி இருக்கா?”

அதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கு உதவ யாரும் முயலவில்லை என்று சொல்லமுடியாது. மூன்று இடத்துக்குப் போயிருக்கிறார்கள், மூன்று இடத்திலும் நல்ல மனிதர்கள்தான் இருந்தார்கள், பாரம் நிரப்பிக் கொடுத்தார்கள். மூன்று பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: என்ன பத்திரம் இருக்கிறது? ஒன்றுமில்லை என்று அம்மா சொன்னார். அங்கேயே கோப்பு நின்றது. நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன், அதை மறைக்கவில்லை.

ஆய்வாளர்

ஆய்வாளர் எங்கள் ஊர்ப்பெண், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரின் மகள். பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்து பினாங்கில் சமூகப்பணி பட்டம், அங்கேயே முதுகலை, பிறகு முனைவர் பட்டத்துக்குப் பத்திரமில்லாத தோட்டத்துக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. ஊரில் முதலில் யாருக்கும் புரியவில்லை. சமூகசேவைக்கு எதற்கு டாக்டர் பட்டம், அரிசி மூட்டை கொடுக்க யாரும் படிக்கவேண்டுமா என்று கோப்பிக்கடையில் பேசினார்கள்.

அரிசி மூட்டை கொடுப்பதும் நல்லதுதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சமூகப்பணி என்பது ஒரு தொழில், அதற்குப் படிப்பு உண்டு, முறை உண்டு. இந்த நாட்டில் சமூகநல இலாகா 1946-லேயே வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் மருத்துவச் சமூகப்பணியாளர்கள் 1952-லிருந்து இருக்கிறார்கள். பல்கலைக்கழகப் படிப்பு மட்டும் 1975-ல்தான், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப்பணிப் பள்ளியை 1952-ல் ஆரம்பித்தார், பம்பாயில் டாடா நிறுவனம் அதற்கும் முன்னால், 1936. அந்த டாடா நிறுவனத்தை நடத்திய அர்மைட்டி தேசாய் பிறகு இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கே தலைவராக இருந்தார். வெட்கத்தையும் மனம் திறப்பதையும் பற்றிப் பேசி உலகம் முழுக்கத் தெரிந்தவரான பிரெனே பிரவுன், 2002-ல் ஹூஸ்டனில் வாங்கிய முனைவர் பட்டம் சமூகப்பணியில்தான். இதையெல்லாம் ஆய்வாளர்தான் எனக்குச் சொன்னார், கேட்டு எனக்கே ஆச்சரியம்.

இங்கே இன்னொரு குறையும் உண்டு. ஆலோசகர்களுக்கு 1998-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. சமூகப்பணித் தொழிலுக்கான சட்டத்துக்கு 2010-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அதற்குப் பிறகும் அது ஆண்டுக்கணக்கில் வரைவாகவே இழுபட்டது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஊர் ஒரே பெயர் வைத்துக் கூப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். 2023-க்குள் 60,000 முனைவர்கள் வேண்டும் என்று மைபிரெய்ன்15 திட்டத்தில் அரசாங்கம் இலக்கு வைத்தது. அந்தக் கணக்கில் எங்கள் ஊர்ப்பெண் ஒரு எண். அந்த எண் என் கடைக்கு வந்து என்ன செய்தது என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

ஏ3 தாளில் வரைந்தது

மார்ச் முதல் வாரம், சனிக்கிழமை. அம்மாவை நான் வரச்சொல்லியிருந்தேன். ஆய்வாளர் பல்கலைக்கழகம் கொடுத்த ஒப்புதல் பாரத்தை முதலில் எடுத்தார். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவர் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார், அதையும் கையில் கொடுக்காமல் வாய்விட்டுப் படித்தார். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் ஒரு கெடுதலும் வராது என்ற இடத்தை இரண்டுமுறை படித்தார்.

அப்புறம் என்னிடம் ஒரு ஏ3 தாள் கேட்டார். கவுன்டரில் விரித்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். “அக்கா, இது நீங்க.” பக்கத்தில் சதுரம், அது வீட்டுக்காரர். கீழே ஒரு வட்டம், மகள். மேலே ஒரு வட்டம், பாட்டி, இறந்துவிட்டதால் அதன்மேல் குறுக்கே பெருக்கல் குறி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நெருக்கத்துக்கு ஒரு கோடு, சண்டைக்கு ஒரு கோடு, அறுந்த உறவுக்கு நடுவில் வெட்டிய கோடு. குடும்ப வரைபடம் என்பார்கள், மர்ரே போவன் என்ற மனநல மருத்துவரின் வழியில் வளர்ந்த கருவி, சமூகப்பணி மாணவர்கள் முதல் வருடமே கற்றுக்கொள்வது.

அரை மணி நேரம் அவர் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள், தீபாவளிக்கு யார் வருவார்கள், பிள்ளைக்குக் காது குத்தினபோது யார் மடியில் உட்காரவைத்தீர்கள். தாய்மாமன் இல்லையே என்று அம்மா சொன்னார். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து ஒருவர் உட்காரவைத்தாராம். அப்போதுதான் ஆய்வாளர் கேட்டார்:

“அக்கா, உங்க பக்கத்துல யாரோடயாவது பேச்சு இல்லாம இருக்கா?”

அம்மா வெளியே பார்த்தார். போட்டோஸ்டாட் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நான் நிறுத்தினேன். ரொம்ப நேரம் கழித்து, “அக்கா ஒருத்தி இருக்கா, கூலிம்ல. பதினோரு வருஷமாச்சு” என்றார். ஆய்வாளர் ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் வட்டத்துக்கு இடதுபக்கம் இன்னொரு வட்டம் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடிழுத்து, அந்தக் கோட்டின்மேல் குறுக்கே சின்னதாக இரண்டு வெட்டு வெட்டினார்.

மூன்று அலுவலகத்தில் அக்கா இருக்கிறாரா என்று கேட்காமலில்லை. கூடப்பிறந்தவர்கள் என்ற கட்டம் பாரத்திலேயே உண்டு. மூன்று முறையும் அம்மா இல்லை என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவேண்டும் என்று சொன்னது இல்லை, அவர் மனசில் அக்கா இல்லை, அவ்வளவுதான்.

சண்டைக்குக் காரணம் ஒரு சங்கிலி. 2009-ல் பாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அக்காவின் மூன்று பவுன் சங்கிலியைத் தங்கை வாங்கிக்கொண்டுபோய் அடகுவைத்தார். பாட்டி போய்விட்டார், சங்கிலியை மீட்கமுடியவில்லை, கெடு தாண்டி ஏலத்துக்குப் போய்விட்டது. காரியம் முடிந்த அன்று அக்கா கிளம்பிப் போனவர்தான்.

சிவப்பு ஐசியின் பலம்

அக்கா ஏன் முக்கியம்? அம்மா பிறந்த காலத்துச் சட்டம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையின் இரண்டாம் பகுதி, 1(ஏ) பிரிவு அப்போது சொன்னது: மலேசிய தினத்துக்குப் பிறகு இந்த நாட்டுக்குள் பிறந்த ஒருவரின் பெற்றோரில் ஒருவராவது, அவர் பிறந்த நேரத்தில், குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அவர் சட்டப்படி குடிமகன். நிரந்தரவாசி என்றால் சிவப்பு ஐசி. சிவப்பு ஐசி என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு தாழ்வு, 1969-க்குப் பிறகு அதனால் வேலை போய் ஊருக்கே கப்பலேறினவர்கள் உண்டு. ஆனால் பாட்டியின் சிவப்பு ஐசி அன்று அவர் பெற்ற பிள்ளைக்குக் குடியுரிமை கொடுக்கப் போதுமாயிருந்தது. மனுப்போட்டு கருணைக்குக் காத்திருக்கும் விஷயமே இல்லை, 1985-ல் பிறந்த அந்த நிமிடத்திலிருந்து அம்மா குடிமகள்தான், அதை நிரூபிக்க ஆள் இல்லை.

பாட்டி இறந்தபோது ஐசி திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது. எண் யாருக்கும் ஞாபகம் இல்லை. தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆள் கணக்குப் பதிவேடு, இருக்குமே, பிரசவ விடுப்பு எடுத்தது பதிந்திருக்குமே என்று நான் யோசனை சொன்னேன். தோட்டம் கைமாறியபோது ஆபீஸ் காகிதங்களை எல்லாம் கொளுத்திவிட்டார்கள் என்று பழைய கிராணி (ஆபீஸ் கணக்கர்) ஒருவர் சொன்னார். மருத்துவச்சியும் இல்லை. மிச்சமிருந்தது அக்காவின் பிறப்புப் பத்திரம். அதில் தாயின் ஐசி எண்ணும் தாயின் நிலையும் இருக்கும்.

கடிதம்

மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. கடை மூடியாயிற்று, கூலிம் இருப்பது கெடாவில், மாநிலம் தாண்டமுடியாது. ஜூலையில் ஆய்வாளர் அக்காவின் நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். தங்கை பெயரைச் சொன்னதுமே வைத்துவிட்டார்.

நானாக இருந்தால் மறுபடி மறுபடி அடித்திருப்பேன். ஆய்வாளர் அடிக்கவில்லை. அம்மாவிடம் ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டார், மகள் கையெழுத்தில். ஒரு நிபந்தனை வைத்தார்: சூராட்டை, அதாவது பத்திரத்தை, பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், சங்கிலியைப் பற்றி எழுதுங்கள். அம்மா சொல்லச் சொல்ல மகள் டியூஷன் நோட்டுத் தாளில் எழுதினாள். அதோடு அம்மா ஒன்றை வைத்தார், எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. 2009-ஆம் வருடத்து அடகுச்சீட்டு. பதினோரு வருடமாக அரிசி டின்னுக்குள் வைத்திருந்திருக்கிறார். பத்திரமே இல்லாத வீடு என்று நாங்கள் எல்லாரும் நினைத்த வீட்டில் ஒரு பத்திரம் இருந்தது.

மூன்று மாதம் பதில் இல்லை. அப்புறம் ஆய்வாளரின் வாட்சாப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. அக்கா சங்கிலியைப் பற்றிப் பேசவே இல்லை, “அந்தப் புள்ள எழுத்து எங்கம்மா முகம் மாதிரியே இருக்கு” என்று ஏதோ சொல்லி, அழுதுகொண்டே முடித்தார்.

இந்த நேரத்தில் ஆய்வாளருக்குள் ஒரு போராட்டம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். அவர் ஆய்வு செய்ய வந்தவர். பார்க்கிறவர் கைபோட்டால் ஆய்வு கெட்டுவிடும் என்று ஒரு பக்கம், கைபோடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் சமூகப்பணி எதற்கு என்று இன்னொரு பக்கம். மேற்பார்வையாளருடன் பேசி ஒரு முடிவுக்கு வந்தார். எந்தத் தேதி வரை கேட்கிறவர், எந்தத் தேதியிலிருந்து உதவுகிறவர் என்று களநோட்டில் கோடுபோட்டுப் பிரித்தார். அம்மாவிடமும் போய், என் ஆய்விலிருந்து விலகிக்கொண்டாலும் இந்த வேலை நிற்காது என்று தனியாகச் சொன்னார். இந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்கு மரியாதை பெரிதாக வந்தது. உதவியைக் காட்டி யாரும் யாரிடமும் பேட்டி வாங்கக்கூடாது, அது பலருக்குத் தெரியாது.

பிஸ்கட் டின்

2021 அக்டோபர் 11-ஆம் தேதி மாநிலம் தாண்ட அனுமதி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வேனில் கூலிம் போனோம். அக்கா, தங்கை இரண்டு பேரும் முதல் பத்து நிமிடம் பேசவில்லை. “பசியாறினீங்களா” என்று எங்கள் எல்லாரையும் பொதுவாகக் கேட்டுவிட்டு அக்கா உள்ளே போய் தோசை சுட்டார். தங்கைக்கு வைத்த தட்டில் மட்டும் சம்பலுக்குப் பதில் சீனி வைத்திருந்தார். சின்னதில் அவர் சீனி தொட்டுத்தான் சாப்பிடுவாராம். அதைப் பார்த்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், நாங்கள் போகவில்லை.

சாப்பிட்டபிறகு அக்கா அலமாரி மேலிருந்து ஒரு கொங் குவான் பிஸ்கட் டின்னை இறக்கினார். சிவப்பு சாயம் உரிந்து, மூடி துருப்பிடித்து, கத்தியால் நெம்பித் திறக்கவேண்டியிருந்தது. உள்ளே அவருடைய 1977 பிறப்புப் பத்திரம், நாலாய் மடித்த மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, டேப் மஞ்சளாகிப் போயிருந்தது. தாயின் பெயர், தாயின் ஐசி எண், நிலை: நிரந்தரவாசி. நான் கையோடு கொண்டுபோயிருந்த கண்ணாடி உறையில் அதை வைத்தேன், கை நடுங்கியது.

அதற்கு அடியில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) எழுதிய தடுப்பூசிக் கார்டு, 1985 டிசம்பர், குழந்தையின் பெயர், தாயின் பெயர், எடை. அம்மா பிறந்த அடுத்த மாதம் போட்டது. பாட்டி இரண்டு பிள்ளைகளின் காகிதத்தையும் ஒரே டின்னில்தான் வைத்திருக்கிறார், சண்டையில் டின் மூத்தவரோடு கூலிம் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது அலைச்சல், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் சத்தியப் பிரமாணம், தமிழ்ப்பள்ளிப் பதிவேட்டின் நகல், தடுப்பூசிக் கார்டு, பாட்டியின் எண்ணை வைத்துத் தேடியெடுத்த பதிவு. ஆய்வாளர் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காலவரிசை எழுதச் செய்தார், யாரும் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார்கள் என்று தோன்றாதபடி, அவரவர் ஞாபகத்தில் இருப்பதை அவரவர் சொல்லும்படி. 1917-லேயே மேரி ரிச்மண்ட் என்ற அம்மையார், குடும்பத்தைப் பற்றிய ஆதாரத்தை எப்படித் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டும் என்று முறைப்படுத்தினாராம். 2023-ல் அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் வந்தது. 2024 தொடக்கத்தில் மைகாட். பிறகு கல்யாணப் பதிவு. மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் இருக்கும்போது, அவள் பத்திரத்தில் அந்த இரண்டு வார்த்தை மாறியது.

ஆய்வேட்டில் நாலு பக்கம்

இந்தக் குடும்பம் ஆய்வேட்டில் பெயரில்லாமல் நாலு பக்கம்தான். சமர்ப்பிக்கும் முன் ஆய்வாளர் அந்த நாலு பக்கத்தையும் தமிழில் எழுதிக்கொண்டுவந்து கடையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். ஒரு இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார். “நான் அழுதேன்னு எழுதியிருக்கீங்க மிஸ். அன்னைக்கு நான் அழல. கோவம்தான் வந்துச்சு.” ஆய்வாளர் களநோட்டைப் புரட்டிப் பார்த்தார், அந்த வரியை அடித்துவிட்டு ‘கோபம்’ என்று எழுதினார். எவ்வளவோ பேர் தோட்டத்துக்கு வந்து கேட்டு எழுதிப் போயிருக்கிறார்கள். எழுதியதைத் திரும்பக் கொண்டுவந்து, சரியா என்று கேட்டவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆய்விலிருந்து எங்களுக்கு மிஞ்சியது ஒரு தாள். தமிழில் ஒரு பக்கக் கேள்விகள், பத்திரமில்லாதவர் வந்தால் எந்த வரிசையில் பேசவேண்டும் என்று. பத்திரத்தைப் பற்றிய கேள்வி அதில் கடைசியில்தான் வருகிறது. கடையில் அதை நான் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன், அக்கம்பக்க ஊர்களிலிருந்தும் வந்து வாங்கிப் போகிறார்கள்.

எல்லாருக்கும் இது பலித்தது என்று சொல்லமாட்டேன். இதே ஊரில் ஒரு பெரியவர், கூடப்பிறந்தவர் இல்லை, பெற்றவர் பதிவு எங்கும் இல்லை, எத்தனை வட்டம் போட்டும் கோடு எங்கேயும் போய்ச் சேரவில்லை. 2022-ல் பத்திரமில்லாமலே போய்ச்சேர்ந்தார். அவரைப் பற்றி ஆய்வாளர் இன்றும் பேசமாட்டார். மகளுக்கும் போன வருடங்கள் போனதுதான், மாவட்ட ஓட்டப்பந்தயத்துக்குத் தேர்வாகி, ஐசி கேட்டதால் பேர் எடுக்கப்பட்ட வருடம் ஒன்று அதில் இருக்கிறது. ஆய்வாளருக்கு இப்போது ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த வேலை, நிரந்தரம் கிடைக்கவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஊருக்கு வந்தால் பின்னறையில் உட்காருவார். வாசலில் நின்று விசாரிக்கிறவர்கள் அன்றைக்கு உள்ளே வருவார்கள்.

மைகாட் கிடைத்த மறுநாள் காலை அம்மா கடைக்கு வந்தார். வாசலில் நிற்காமல் நேரே கவுன்டருக்கு வந்து அட்டையை வைத்தார். 85-ல் தொடங்கும் எண், நடுவில் 08, பேராக்கில் பிறந்தவர் என்று அர்த்தம். அந்த 08-ஐக் காட்டி இதுக்கு என்ன என்று கேட்டார், சொன்னேன். “இங்கதான் பொறந்தேன்னு போட்டிருக்கு” என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். ஐசி நகல் எடுத்தால் யாரும் தவறாகப் பயன்படுத்தாமலிருக்க நான் குறுக்கே இரண்டு கோடுபோட்டு, என்ன காரியத்துக்கு என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். பேனாவை எடுத்தேன்.

“கோடு போடாதீங்கண்ணே” என்றார். “இது அக்காவுக்கு அனுப்ப. டின்னுல வைக்கட்டும்.”